இடது செருப்பு

இடது செருப்புக்குள் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டபோது அவள் எதையும் யோசிக்கவில்லை. அப்பா கடிகாரத்தைக் கழற்றினால் அதைப் பத்திரப்படுத்துவது ஆறு வயதிலிருந்தே அவள் வேலை. வாய்க்கால் கரையில் இருபது பேராவது கூடியிருந்தார்கள். எவர் காலாவது பட்டுத் தண்ணீரில் விழுந்து தொலையப் போகிறதே என்றுதான் குனிந்து எடுத்தாள். ஸ்டீல் செயின் அவளுக்குப் பெரிது. கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடியது. மணி ஏழு இருபது. அப்பா இன்னும் தண்ணீருக்குள் இருந்தார்.

மதகு மேடையில் வாய்க்கால் அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர் இரும்புச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கதவை இறக்கினால் தண்ணீர் வடியும், வடிந்தால் அந்தப் பக்கக் கம்பி வலையில் சிக்கியிருப்பவரை எடுத்துவிடலாம்.

“இன்னிக்கு என்னடா இவ்ளோ லேசா சுத்துது?” என்றான் ஒருவன்.

“ஆளு உள்ள இருக்காரு. பேசாம சுத்து,” என்றான் இன்னொருவன்.

அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. ஆனால் மண்டைக்குள் ஏறவில்லை. சக்கரத்திலிருந்து கீழே போகும் மதகுத் தண்டு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தின் பக்கத்தில் நான்கு படிகள் இருந்தன. மேல்படியில் அப்பாவின் செருப்புகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைத் தெருவில் எல்லோரும் ஸ்பேனர் என்பார்கள். முகத்துக்கு நேரே மட்டும் ஸ்பேனர் சார். மோட்டார் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்து ஓய்ந்தவர். ஓய்ந்தது பட்டறைதான், அவர் ஓயவில்லை. சத்தம் போடும் எந்தப் பொருளையும் அவரால் சும்மா கடந்து போக முடியாது. பல்லைக் காட்டப் போன இடத்தில் பல் மருத்துவரின் மின்விசிறியைச் சரிசெய்துவிட்டு, பல்லைக் காட்ட மறந்து வீடு திரும்பியவர் அவர். ஒருமுறை பேருந்தில் முன்சீட்டு ஆடுகிறதென்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி உட்கார்ந்து, காசு ஒன்றை வைத்துத் திருகாணியை முடுக்கிவிட்டு இரண்டு மைல் நடந்து வந்தார்.

வேலை என்று வந்துவிட்டால் முதலில் கடிகாரம் கழலும். பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டாளியின் கடிகாரச் செயினை ஓடுகிற பெல்ட் கவ்வி இழுத்ததையும், மணிக்கட்டு அதோடு போனதையும் கண்ணால் பார்த்தவர். கழற்றியதை மேசைமேல் வைத்தால் மறந்துபோகும். சட்டைப்பையில் போட்டால் குனியும்போது விழும். இடது செருப்புக்குள் வைத்துவிட்டால் கவலையே இல்லை, செருப்பைப் போடாமல் எவன் வீட்டுக்குப் போவான் என்பது அவர் வாதம். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். தூங்கப் போனால் தலையணைக்கு அடியில் முகம் கவிழ்ந்து கிடக்கும். இடது செருப்பு, வேலைக்கு மட்டும்.

ஏழு நாற்பதுக்கு அவரை மேலே கொண்டுவந்தார்கள். கையும் காலும் கருப்பாகச் சேறு அப்பியிருந்தது. அவள் கிட்டே போவதற்குள் தார்ப்பாயை விரித்து மூடிவிட்டார்கள். தம்பி மோட்டார் சைக்கிளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தன.

“எப்படிக்கா? எப்படி?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் அதே கேள்விதான். இரண்டு பேரும் அழுதார்கள்.

போலீஸ் அதிகாரி வந்தபோது அழுகையை நிறுத்த வேண்டியிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்கவர். கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருந்தார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் கையைத் திருப்பி மணி பார்த்தார். பக்கத்தில் நின்ற வயதான காவலர் அதைக் குறித்துக்கொண்டார். தார்ப்பாயை விலக்கிப் பார்த்தது ஏழு ஐம்பத்திரண்டு. செருப்புகளைப் படம் எடுத்தது ஏழு ஐம்பத்தெட்டு. எட்டு மணிக்குப் பால்காரரை விசாரித்தார்.

“ஆறரை இருக்கும் சார். இந்தப் படி மேல நின்னு தண்ணியவே பாத்துட்டு இருந்தாரு. வணக்கம் சொன்னேன், திரும்பல. நான் ஊத்திட்டு வர்றப்ப செருப்புதான் இருந்துச்சு.”

“ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரா?”

“பத்து நிமிஷம் இருக்கும் சார்.”

அதிகாரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எங்கே போய் முடியும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சார், அவர் தண்ணியப் பாத்திருக்க மாட்டாரு. தண்டப் பாத்திருப்பாரு. அந்தச் சக்கரம்... போன வாரமெல்லாம் அதப் பத்தியேதான் பேசிட்டிருந்தாரு சார்.”

“ஸ்டேஷனுக்கு வந்து எல்லாத்தையும் பொறுமையா சொல்லுங்கம்மா. எழுதிக்கிறோம்.” பிறகு அவள் கையைப் பார்த்தார். “இந்த வாட்ச் யாரோடது?”

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

உடல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. அவளும் தம்பியும் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

நிலையத்தில் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் கால் ஆடியது. அவள் அதில் உட்கார்ந்தாள். அப்பா வந்திருந்தால் இந்நேரம் ஒரு அட்டையை மடித்துக் கீழே செருகியிருப்பார். வயதான காவலர் நீளமான தாளை மேசைமேல் பரப்பி, கார்பன் வைத்து, இரண்டு முனையிலும் கனமாக எதையோ வைத்தார்.

தம்பிதான் முதலில் ஆரம்பித்தான். “சார், வயசானவரு. கால் வழுக்கி விழுந்துட்டாரு. எங்களுக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல. அறுக்காம கொள்ளாம அப்படியே குடுத்துருங்க சார்.”

“தம்பி, வேணும்னா அறுக்கச் சொல்றதுக்கும் வேணாம்னா விட்டுர்றதுக்கும் எனக்கு அதிகாரம் கிடையாது. இயற்கையா போகாத உயிரு எதுவா இருந்தாலும் நான் எழுதியாகணும், டாக்டர் பாத்தாகணும். எங்கப்பாவா இருந்தாலும் இதேதான்.” குரலில் அதட்டல் இல்லை. “தண்ணில மூழ்கி எறந்தாருன்னு டாக்டர் சொல்லிருவாரு. விழுந்தாரா, எறங்குனாரான்னு அவரால சொல்ல முடியாது. அத நான்தான் எழுதணும்.”

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “விழுந்தாரு சார்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“அப்ப சொல்லுங்க. வாட்ச் எங்க இருந்துச்சு?”

“இடது செருப்புக்குள்ள.”

“நீங்க எடுத்தத யாராவது பாத்தாங்களா?”

கரையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தெரியல சார்.”

“நான் வந்தப்ப செருப்பு காலியா இருந்துச்சு. போட்டோவுலயும் காலிதான்.” அதிகாரி காவலர் பக்கம் திரும்பினார். “மகள் ஒப்படைத்த ஸ்டீல் செயின் கைக்கடிகாரம் ஒன்று, ஓடுகிற நிலையில். அப்படி எழுதுங்க.”

“செருப்புக்குள்ள இருந்துச்சுன்னு எழுதுங்க சார்.”

“நீங்க அப்படிச் சொன்னதா எழுதுறேன். இருந்துச்சுன்னு நான் எழுத முடியாதும்மா. நான் பாக்கல.”

கழற்றிக் கொடுத்தாள். காவலர் அதைப் பழுப்புநிற உறைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கினார். உறை மேசைமேல் கிடந்தது. காதை வைத்துக் கேட்டால் ஓடுகிற சத்தம் கேட்கும் என்று தோன்றியது. கேட்க முடியாது.

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆணி, தலையணை, இடது செருப்பு. அதிகாரி நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். காவலர்கூட பேனாவை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மதகுச் சக்கரத்தைப் பற்றிச் சொன்னாள். காலை நடைக்கு அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், ஆட்கள் திருப்புகையில் அது போடுகிற கூச்சல் அவருக்குத் தாங்காது. போன வாரம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில்கூட அதே பேச்சு. ‘அறிவு கெட்டவனுங்க. கீழ தண்டோட அடியில கட்டி கட்டியா கிரீஸ் கெடக்கு. அத வழிச்சு மேல பூசுனா போதும், எண்ணெயே வேணாம். ஒருத்தனுக்கு முதுகு வளையணுமே.’ அவள் அன்றைக்கு உம் கொட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

“சரி. கரைக்குப் போறப்ப கையில எண்ணெய் கேன், ஸ்பேனர், துணி, ஏதாவது கொண்டு போனாரா?”

“இல்ல சார்.”

“வீட்ல எண்ணெய் கேன் இருக்கா?”

“இருக்கு. என் தையல் மிஷினோடது. அத நான் ட்ராயர்ல வச்சுப் பூட்டியிருந்தேன்.”

வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏன் பூட்டுனீங்க?”

பக்கத்து நாற்காலியில் தம்பி திரும்பிப் பார்த்தான்.

அவள் வீட்டிலேயே தைப்பவள். நான்கு நாளைக்கு முன்னால் ஒரு பெண்ணுக்கு வெள்ளைப் பட்டில் நீள அங்கி தைத்து முடிக்கிற நிலையில் இருந்தது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். அவள் கடைக்கு நூல் வாங்கப் போன அரை மணி நேரத்தில் அப்பா மிஷினைத் திறந்துவிட்டார். திரும்பி வந்தபோது அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் இடது செருப்புக்குள் கடிகாரம். மடியில் மிஷினின் வயிறு. வெள்ளைப் பட்டின் நெஞ்சுப் பகுதியில் நான்கைந்து எண்ணெய்ச் சொட்டு. போன வருடத்திலிருந்தே அவர் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்றைக்குப் பேசிவிட்டாள்.

“என்ன சொன்னீங்க?” என்றார் அதிகாரி.

“கோவத்துல...”

“என்ன வார்த்தை சொன்னீங்கம்மா?”

அவள் தம்பியைப் பார்க்காமல் சொன்னாள். “இந்தக் கைய வச்சுக்கிட்டு இனிமே இந்த வீட்ல எதையும் தொடாதீங்க. சும்மா ஒரு மூலையில இருந்தாலே எனக்குப் பெரிய உபகாரம்னு சொன்னேன்.”

காவலரின் பேனா ஓடியது. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறார் என்பது அது ஓடிய நேரத்திலிருந்தே தெரிந்தது.

“அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வாட்ச எடுத்துக் கட்டிக்கிட்டாரு. பாத்ரூமுக்குப் போயி ரொம்ப நேரம் கை கழுவுனாரு. சோப்பு போட்டு, பிரஷ் போட்டு, நகத்துக்குள்ள எல்லாம். வெளிய வந்தப்ப கை செவந்து போயிருந்துச்சு.” அவள் மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்தாள். “அதுக்கப்புறம் எதையும் தொடல சார்.”

“பேசினாரா?”

“சாப்பாடு வச்சா சாப்பிடுவாரு.”

“பேசினாராம்மா?”

“இல்ல.”

“நான்கு நாட்களாக யாரிடமும் பேசாமல் மனமுடைந்த நிலையில்,” என்று காவலர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

“மனசு ஒடஞ்சு போச்சுன்னு நான் சொல்லலியே! கோவமா இருந்தாரு. அவர் கோவிச்சா அப்படித்தான். எங்கம்மாகிட்ட ஒரு தடவ பதினேழு நாள் பேசாம இருந்திருக்காரு. அது ரேடியோவ வித்துட்டாங்கன்னு. அதுக்குப் போயி யாராவது...” அவள் மூச்சு வாங்கினாள். “நான் சொல்லாத வார்த்தைய எழுதாதீங்க சார்.”

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். மனமுடைந்த நிலையில் என்பதன் மேல் ஒரு கோடு போட்டு ஓரத்தில் கையெழுத்திட்டார். “சரி. சொல்லாதத எழுத எங்களுக்கு உரிமை கெடையாது. சொன்னத எழுதாம விடவும் உரிமை கெடையாது. அத நீங்க புரிஞ்சுக்கணும்.”

நல்ல மனிதர்தான். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. முரடனாக இருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம்.

அவள் கடைசியாக ஒன்றைப் பிடித்தாள். “சார், இன்னொண்ணு. அந்த நாலு நாளும் அவர் வாட்சக் கழட்டவே இல்ல. குளிக்கறப்ப கட்டியிருந்தாரு. தூங்கறப்ப கட்டியிருந்தாரு. எங்கிட்ட காட்டறதுக்குத்தான். பாரு, எந்த வேலையும் செய்யல, கழட்ட எனக்கு என்ன இருக்குன்னு. இன்னிக்குக் காலைல கழட்டியிருக்காரு சார். கழட்டி இடது செருப்புக்குள்ள வச்சிருக்காரு. ஒரு வேலையக் கண்டுட்டாருன்னுதான அர்த்தம்?”

அதிகாரி உட்பக்கம் திரும்பியிருந்த தன் கடிகாரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“குளிக்கப் போனா ஆணி, தூங்கப் போனா தலகாணி, வேலைக்குன்னா செருப்பு. எல்லாம் சரி. சாகப் போறப்ப எங்க கழட்டி வைப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்தால் சொல், எழுதிக்கொள்கிறேன் என்பதுபோலத்தான் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் கேட்ட பிறகு அந்தக் கேள்வி அவளுடையதாகவே ஆகிவிட்டது. நான்கு நாள் கழற்றாதவர் ஏன் கழற்றினார்? இனிமேல் மணி பார்க்க வேண்டியதில்லை என்றா? அவள் எடுத்து வைப்பாள் என்றா?

காவலர் முழுவதையும் ஒரு தடவை வாசித்துக் காட்டினார். அதில் ஒரு பொய்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்த தம்பி நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். ஒரு டம்ளர் தண்ணீரை அத்தனை நேரம் குடிக்க முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவன் வண்டியருகே நின்றிருந்தான்.

“நீ அப்படிச் சொன்னியாக்கா?”

“சொன்னேன்.”

அவன் வண்டியை உதைத்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவள் எப்போதும் போல அவன் தோளைப் பிடிக்காமல் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கோபம் இவனுக்கும் வந்திருக்கிறது. எத்தனை நாளைக்கோ?

பிணவறைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அந்த முனை, அவள் இந்த முனை. நடுவில் செருப்புகள் இருந்த பை. செருப்புகளை மட்டும் கொடுத்துவிட்டார்கள். கடிகாரம் எல்லாக் கடுதாசியும் முடிந்த பிறகுதான், எப்போது என்று சொல்ல முடியாது. ஒருமுறை தம்பி எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தான். அவளிடம் ஒன்றை நீட்டினான், முகத்தைப் பார்க்காமல். அவள் வாங்கிக்கொண்டாள். குடிக்க முடியவில்லை. ஆறிப்போனது.

மூன்றரை மணிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். “யாராவது ஒருத்தர் வந்து முகத்தப் பாத்து, ஆமான்னு சொல்லிட்டுப் போங்க.”

தம்பி தலையை ஆட்டினான். “என்னால முடியாது.”

அவள் போனாள். ஈரத்தரை, மருந்து வாடை, ஒரே ஒரு குழல் விளக்கு. பிணவறை ஊழியர் முகத்தருகே துணியை விலக்கினார். வாயில் வெற்றிலையோ எதுவோ அடக்கியிருந்ததால் அவர் பேசியது பாதி உள்ளேயே போயிற்று.

அப்பாதான். முகம் கழுவித் தலை வாரியிருந்தது. வகிடு வலது பக்கம் எடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு இடது பக்கம். ஆமாம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, துணிக்கு வெளியே கிடந்த வலது கையைப் பிடித்தாள். அந்தக் கையைத்தான் அவள் சொன்னாள். இந்தக் கைய வச்சுக்கிட்டு என்று. இப்போது அது நடுங்கவில்லை.

உள்ளங்கை ரேகைகள் எல்லாம் கருப்பாக இருந்தன. சேறு என்று நினைத்துத் துடைத்தாள். போகவில்லை. அவள் விரலில் வழவழவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாடையிலேயே வளர்ந்தவள் அவள். ஐந்து விரல்களின் நகங்களுக்கு அடியிலும் திட்டுத் திட்டாக, பழைய, கட்டிபிடித்த கிரீஸ்.

நான்கு நாளைக்கு முன்னால் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சிவந்த கை. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாத கை. காலையில் காதில் விழுந்து உள்ளே போகாமல் நின்ற பேச்சு இப்போதுதான் உள்ளே போனது. இன்னிக்கு என்னடா இவ்ளோ லேசா சுத்துது?

பூசிவிட்டார். தண்டின் மேல்பகுதி முழுக்கப் பூசி முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வழிக்கலாமென்று பாசிப் படியில் ஒரு கால் வைத்திருக்கிறார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். “சார்! சார், இங்க கொஞ்சம் வாங்களேன்!”

வெளியே யாரோ, “சார் ஆபீஸ் ரூம்ல இருக்காரு,” என்றார்கள்.

அவள் ஓடினாள். நடைக்கூடம் நீளமாக இருந்தது. அதிகாரி ஒரு மேசையில் மருத்துவர் கொடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார். வயதான காவலர் பக்கத்தில் கோப்போடு நின்றார்.

“சார், அப்பா கையப் பாருங்க. கிரீஸ் இருக்கு. மதகு கிரீஸ் சார். ஒரு நிமிஷம் வந்து பாருங்க.”

அதிகாரி மறுப்பேதும் சொல்லாமல் எழுந்து கூடவே வந்தார். அதற்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. வேகமாகத்தான் நடந்தார்.

உள்ளே ஊழியர் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவின் வலது கை அவர் மடியில் இருந்தது. சோப்புத் துணியால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்து, ஒரு குச்சியால் நகக்கண்ணை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். இடது கையை ஏற்கெனவே முடித்திருந்தார். அது வெளுத்து, சுத்தமாக, நெஞ்சின்மேல் கிடந்தது.

“நீங்க கையப் புடிச்சு ஒரு மாதிரி பாத்தீங்கல்லம்மா,” என்றார் ஊழியர். “அழுக்கா குடுக்கறோமேன்னு எனக்கே சங்கடமாப் போச்சு. அதான். லேசுல போக மாட்டேங்குது, ஆனா போயிருச்சு.”

அவள் வாளியைப் பார்த்தாள். தண்ணீர் வெறும் அழுக்காக இருந்தது. எந்த அழுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. செருப்புக்குள்ளிருந்து கடிகாரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தவள் அவள்தானே.

அதிகாரி குனிந்து கையைப் புரட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். “கை ரெண்டுலயும் சேறுன்னு காலைலயே எழுதியாச்சும்மா. ஏழு ஐம்பத்திரண்டுக்கு.”

“சேறு இல்ல சார், கிரீஸ். இதோ, என் விரல்ல இருக்கு பாருங்க. அவர் கையிலேர்ந்து ஒட்டுனது.”

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள். அதிகாரி பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“இது உங்க விரலும்மா,” என்றார்.

“மதகுக்காரங்களக் கேளுங்க சார். சக்கரம் இன்னிக்கு லேசா சுத்துதுன்னு அவங்களே சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு.”

“கேக்கறேன். கண்டிப்பா கேக்கறேன். ஆனா நாலு பேர் சேந்து திருப்புனா எந்தச் சக்கரமும் லேசாத்தான் சுத்தும்.” பிறகு மெதுவாக, “நீங்க சொல்றது உண்மையா இருக்கும்மா. இருக்கலாம். நான் அத நம்பறதால மட்டும் அது கடுதாசியில ஏறிடாது,” என்றார்.

ஊழியர் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார். தலைமாட்டில் சுவரோரம் கிடந்த சீப்பை அவள் எடுத்தாள். அப்பாவின் வகிட்டை இடது பக்கத்துக்கு மாற்றினாள். ஈரமுடி எளிதாகவே படிந்தது. அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆபீஸ் அறையில் கடைசித் தாள் காத்திருந்தது. உடலைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து. தம்பி வாசலில் வந்து நின்றான். செருப்புப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவனிடம் சொல்ல வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது, கையில் எதை வைத்துக்கொண்டு சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இங்க,” என்று காவலர் விரலால் இடத்தைக் காட்டினார். பேனாவை நீட்டினார்.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். கையை எடுத்தபோது பெயருக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு தீற்றல் விழுந்திருந்தது. காவலர் அதைப் புறங்கையால் தேய்த்தார். அது இன்னும் அகலமாகப் படர்ந்தது. வேறு தாள் எடுக்கவா என்பதுபோல அவர் அதிகாரியைப் பார்த்தார்.

“பரவால்ல, இருக்கட்டும்,” என்றார் அதிகாரி. “எழுத்து மேல படல.”

மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தார். தீற்றலுக்குக் கீழே நேரத்தை எழுதினார். காவலர் தாளைக் கோப்புக்குள் வைத்து மூடி, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.